தாளின் மடிப்பும் விண்வெளிச் சிறகும்

ஒரு குடையை நினைத்துக் கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது அது ஒரு கைத்தடி. விரித்தால் ஒருவர் நனையாமல் நடக்கப் போதுமான கூரை. கடைகளின் முன்புறம் இழுத்து மூடும் இரும்புக் கிராதிக் கதவும் இப்படித்தான். பகலில் சுவரோரம் ஒரு சாண் அகலத்தில் ஒடுங்கி நிற்கும். இரவில் வாசல் முழுவதையும் அடைத்துக் கொள்ளும். எடுத்துச் செல்லும்போது சிறியதாகவும், பயன்படுத்தும்போது பெரியதாகவும் இருக்க வேண்டிய பொருள்கள் நம்மைச் சுற்றி ஏராளம்.

இதே தேவை விண்வெளிப் பொறியாளருக்கும் உண்டு. ஆனால் அவருடைய குடையை விண்வெளியில் விரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். நடுவில் சிக்கிக் கொண்டால் உதறிப் பார்க்கவும் ஆள் இல்லை. இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களுள் சிலர், குழந்தைகள் விளையாடும் தாள் மடிப்புக் கலையிடம் சென்றார்கள். ஏன் சென்றார்கள், அங்கே என்ன கண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

இடமோ சிறிது, தேவையோ பெரிது

பூமியின் அருகே, காற்று மண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேர்கொண்டு நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1,361 வாட் ஒளியாற்றல் விழுகிறது. சூரிய மின்கலங்கள் அதில் 30 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றுவதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 408 வாட் கிடைக்கும். ஒரு செயற்கைக்கோளுக்கு 10 கிலோவாட் வேண்டுமானால் 25 சதுர மீட்டர் பரப்புள்ள மின்கலப் பலகை தேவை. அது ஒரு சிறிய வகுப்பறையின் தரையளவு.

இவ்வளவையும் ராக்கெட்டின் தலைப்பகுதியில் அடைக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைச் சுமந்து சென்ற ஆரியான் 5 ராக்கெட்டின் தலைக்கவசம் 5.4 மீட்டர் விட்டம் உடையது. தொலைநோக்கியின் முதன்மை ஆடியோ 6.5 மீட்டர் அகலம். அதன் வெயில் மறைப்புத் திரை சுமார் 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் கொண்டது. ஆகவே மடிக்காமல் வழியில்லை.

விரியாமல் போனால்?

மடிப்பது ஒரு பங்கு வேலை என்றால், விரிப்பது பத்துப் பங்கு வேலை. இதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்று.

1973 மே 14 அன்று அமெரிக்கா ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை ஏவியது. மேலே செல்லும்போதே அதன் காப்புக் கவசம் பிய்ந்தது. அத்துடன் ஒரு சூரியச் சிறகும் போயிற்று. மிச்சமிருந்த சிறகின் குறுக்கே கவசத்தின் உலோகப் பட்டை ஒன்று மாட்டிக் கொண்டதால், அதுவும் விரியவில்லை. ஜூன் 7 அன்று கான்ராட், கெர்வின் என்ற இரு விண்வெளி வீரர்கள் வெளியே சென்று, நீண்ட கோலில் கட்டிய வெட்டும் கருவியால் அந்தப் பட்டையைத் துண்டித்தார்கள். அதன் பிறகே சிறகு விரிந்தது, நிலையம் பிழைத்தது.

இந்தியாவின் இன்சாட்-1ஏ செயற்கைக்கோளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1982 ஏப்ரல் 10 அன்று ஏவப்பட்ட அதில் சூரிய மின்கலப் பலகை ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. ஒளிக்கும் அழுத்தம் உண்டு அல்லவா? பலகையின்மேல் விழும் ஒளி கோளை ஒரு பக்கமாகத் திருப்ப முயலும். அதைச் சமன் செய்ய மறுபக்கத்தில் ஒரு பாய் விரிய வேண்டும். அந்தப் பாய் விரியவில்லை. கோளை நேராக நிறுத்தி வைக்க வேண்டிய எரிபொருள் தீர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐந்து மாதத்துக்குள், கோள் கைவிடப்பட்டது.

மூன்றாவது, வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ விண்கலம். அதன் 4.8 மீட்டர் பெரிய அலைவாங்கி 18 கம்பிகள் கொண்ட குடை போன்றது. 1991 ஏப்ரலில் விரிக்க ஆணை கொடுத்தபோது சில கம்பிகள் ஒட்டிக் கொண்டு பிரிய மறுத்தன. சிறிய அலைவாங்கி ஒன்றை வைத்தே விஞ்ஞானிகள் சமாளித்தார்கள். ஆனால் செய்தி வந்த வேகம், திட்டமிட்டதில் மிகமிகச் சிறு பங்கே.

ஆகவே பொறியாளர் கேட்கும் கேள்வி இதுதான்: எந்த மடிப்பு, குறைந்த கருவிகளைக் கொண்டு, ஒழுங்காக விரியும்?

மடிப்பின் இலக்கணம்

ஒரு தாளை எடுத்துக் குறுக்கே ஒரு முறையும், பிறகு நெடுக்கே ஒரு முறையும் பாதியாக மடியுங்கள். பிரித்துப் பாருங்கள். நடுவில் நான்கு மடிப்புக் கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. உங்களை நோக்கி மேடாக நிற்பதை முகடு என்றும், தாழ்ந்து நிற்பதைப் பள்ளம் என்றும் சொல்வோம். எண்ணிப் பாருங்கள்: மூன்று ஒருவகை, ஒன்று மறுவகை. இது தற்செயல் அன்று. தட்டையாக மடியும் எந்தத் தாளிலும், கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும், முகடுகளுக்கும் பள்ளங்களுக்கும் உள்ள வேறுபாடு 2 ஆகத்தான் இருக்கும். ஜப்பானியரான ஜுன் மயேகாவாவின் பெயரால் வழங்கும் விதி இது.

ஏன் என்று நிறுவுவதும் எளிது. மடித்த தாளில் அந்தப் புள்ளி இருக்கும் முனையைச் சிறிது கத்தரித்துவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். வெட்டுவாயில் தாளின் விளிம்பு ஒரு மூடிய கோடாகத் தெரியும். அதன்மேல் ஓர் எறும்பு நடக்கட்டும். ஒவ்வொரு மடிப்பிலும் அது 180 பாகை திரும்ப வேண்டும்; முகட்டில் ஒரு பக்கம், பள்ளத்தில் எதிர்ப்பக்கம். ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வரும்போது அது மொத்தத்தில் 360 பாகை திரும்பியிருக்கும். 360-ஐ 180-ஆல் வகுத்தால் 2. நிறுவல் முடிந்தது!

இப்போது பிரித்த தாளை முதல் கோட்டில் மட்டும் பாதியளவு மடித்து, ஓட்டு வீட்டுக் கூரைபோல் பிடியுங்கள். அந்த நிலையிலேயே இரண்டாவது கோட்டில் மடிக்கப் பாருங்கள். மடியாது. நெளித்த தகரம் வளையாமல் நிற்பதுபோல் தாள் விறைத்து நிற்கும். முதல் மடிப்பு முழுவதும் மூடினால்தான், அல்லது முழுவதும் பிரிந்தால்தான், இரண்டாவது மடிப்பு வேலை செய்யும். அதாவது, செங்குத்தாக வெட்டிக் கொள்ளும் மடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இயக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி முறை. விண்ணில் இது தொல்லை.

மியூராவின் சாய்வு

கோர்யோ மியூரா என்பவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விண்வெளிப் பொறியாளர். மெல்லிய தகடுகள் அழுத்தத்தில் எப்படிக் கசங்குகின்றன என்று ஆராய்ந்து வந்தார். அந்த ஆராய்ச்சியின் வழியே 1970-இல் அவர் எட்டிய மடிப்பு முறைக்கு இன்று 'மியூரா மடிப்பு' என்று பெயர். அதில் அவர் செய்த மாற்றம் ஒன்றுதான். ஒரு திசைக் கோடுகளை நேராகவே விட்டார். மற்றத் திசைக் கோடுகளைச் சில பாகை சாய்த்து, வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாக ஆக்கினார். தாளில் சதுரங்களுக்குப் பதிலாகச் சாய்ந்த இணைகரங்கள் நிரம்பின.

இந்தச் சிறு சாய்வு என்ன செய்கிறது? நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்து ஒரு நாற்கரம் செய்யுங்கள். ஒரு கோணத்தை மாற்றினால் மற்ற மூன்று கோணங்களும் தாமே மாறும். மியூரா மடிப்பின் ஒவ்வொரு சந்திப்பும் இத்தகைய நாற்கரம்தான். ஒரு மடிப்பு எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், பக்கத்திலுள்ள மூன்றும் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். அவற்றுக்கு அடுத்தவையும் அப்படியே. இதனால் நூற்றுக்கணக்கான மடிப்புகள் கொண்ட தாள் முழுவதற்கும் ஒரே ஓர் இயக்கம்தான் உண்டு. இயற்பியலில் இதை 'உரிமைப்படி ஒன்று' என்பார்கள். முதலில் சொன்ன கிராதிக் கதவும் இதே இனம். ஒரு முனையை இழுத்தால் அத்தனை சாய்சதுரங்களும் ஒருசேர விரிகின்றன அல்லவா?

இன்னொரு விந்தை. ஒரு ரப்பர் துண்டை நீளவாக்கில் இழுத்தால் அகலம் குறையும். மியூரா தாளை நீளவாக்கில் இழுத்தால் அகலமும் கூடும்! பாய்சான் விகிதம் என்று பாடத்தில் படிப்பீர்கள். இந்தத் தாளுக்குத் தன் தளத்தில் அந்த விகிதம் எதிர்க்குறி உடையது.

நீங்களே செய்யலாம்

ஒரு முழுத்தாள் வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் கொள்ளுங்கள்.

1. நீளவாக்கில் ஐந்து சமப் பட்டைகளாக, விசிறி மடிப்பதுபோல் மாற்றி மாற்றி மடியுங்கள். ஒரு நீண்ட பட்டை கிடைக்கும்.

2. அந்தப் பட்டையைக் குறுக்கே மடியுங்கள். ஆனால் நேர்க்குறுக்காக அன்றிச் சுமார் 8 பாகை சாய்வாக. அடுத்த மடிப்பை எதிர்ப்புறமாக, பட்டையின் விளிம்பு மீண்டும் முதல் விளிம்புக்கு இணையாகும்படி செய்யுங்கள். இப்படியே முடியும் வரை மாறி மாறி மடியுங்கள். நகத்தால் நன்றாக அழுத்திவிடுங்கள்.

3. தாளை முழுவதும் பிரியுங்கள். நேர்கோடுகளும் வளைந்து செல்லும் கோடுகளும் தெரியும். வளைந்து செல்லும் கோடுகளில் முதலாவது முழுவதையும் முகடாகவும், அடுத்தது முழுவதையும் பள்ளமாகவும் விரலால் கிள்ளிக் கிள்ளி மாற்றுங்கள். நேர்கோடுகள் துண்டுக்குத் துண்டு முகடும் பள்ளமுமாகத் தாமே அமையும்.

4. எல்லாப் பக்கங்களிலிருந்தும் மெல்ல நெருக்குங்கள். தாள் ஒரு சிறு அடுக்காக ஒடுங்கும். இனி எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுங்கள். ஒரே இழுப்பில் முழுத்தாளும் விரியும்! நெருக்கினால் தானே மூடும்.

முதல் முறை சரியாக வராவிட்டால், கிள்ளும் வேலையைப் பொறுமையாக இன்னொரு முறை செய்யுங்கள்.

1995 மார்ச்சில் ஜப்பான் ஏவிய எஸ்.எஃப்.யூ. என்ற விண்கலத்தில் மியூரா மடிப்பு கொண்ட மெல்லிய பலகை ஒன்று சோதனைக்காக வைக்கப்பட்டது. தாளில் பிறந்த மடிப்பு விண்வெளியில் விரிந்தது. 1996 ஜனவரியில் அந்த விண்கலத்தை அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம் பிடித்துப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது.

தடிப்பு என்னும் தடை

தாளில் எளிதாக நடப்பது பலகையில் நடக்காது. காரணம் தடிப்பு. 0.1 மி.மீ. தடிப்புள்ள தாளை ஏழு முறை பாதியாக மடித்தால் 128 அடுக்குகள், தடிப்பு 12.8 மி.மீ. வெளி அடுக்கு உள் அடுக்குகளைச் சுற்றிக் கொண்டு வளைய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மடிப்பும் தாளின் நீளத்தில் ஒரு பகுதியை விழுங்குகிறது.

இதைக் கணக்கிட்டுச் சூத்திரம் கண்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரிட்னி கேலிவன். அப்போது அவர் உங்களைப் போல உயர்நிலைப் பள்ளி மாணவி! அவருடைய சூத்திரப்படி 0.1 மி.மீ. தாளை ஒரே திசையில் ஏழு முறை மடிக்க 88 செ.மீ. நீளம் போதும். பன்னிரண்டு முறை மடிக்கவோ ஏறத்தாழ 880 மீட்டர் வேண்டும். 2002 ஜனவரியில் சுமார் 1,200 மீட்டர் நீளமுள்ள கழிவறைத் தாள் சுருளைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டினார்.

பொறியாளரின் மின்கலப் பலகை தாளைவிடப் பலமடங்கு தடித்தது. ஆகவே மடிப்புக் கோட்டின் இடத்தில் கீல் வைக்கிறார். கதவுக் கீலைக் கவனியுங்கள். அது பலகையின் நடுத்தடிப்பில் இராது; ஒரு முகத்தில் இருக்கும். அப்போதுதான் கதவு முழுவதும் மடங்கும். முகட்டில் ஒரு முகத்திலும், பள்ளத்தில் மறுமுகத்திலுமாகக் கீல்களை மாற்றி மாற்றி வைத்தால், விசிறிபோல் மடியும் சூரியச் சிறகு கிடைக்கும்.

வெட்டினால் என்ன ஆகும்?

ஜப்பானிய மொழியில் தாள் மடிப்புக்கு ஓரிகாமி என்று பெயர். தாள் வெட்டுக்குக் கிரிகாமி. வெட்டுவதால் தாள் கெடும் என்றுதானே நினைப்போம்? வெட்டு அதற்குப் புதிய குணத்தைத் தருகிறது.

10 செ.மீ. அகலமுள்ள ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து ஒரு வெட்டு, 5 மி.மீ. தள்ளித் திறந்த பக்கத்திலிருந்து ஒரு வெட்டு, இப்படி மாறி மாறிக் கத்தரியுங்கள். ஒவ்வொரு வெட்டும் எதிர் விளிம்புக்கு 1 செ.மீ. முன்பே நின்றுவிட வேண்டும். விரித்து, இரு முனைகளையும் இழுங்கள். சாதாரணத் தாள் ரப்பர்போல் நீள்கிறது! பண்டிகை நாளில் தொங்கும் வண்ணத்தாள் தோரணம் இந்த வகைதான். எஃகுத் தகட்டில் இதேபோல் வெட்டி இழுத்துத்தான் ஒருவகை வலைத்தகடும் செய்கிறார்கள். துளியும் உலோகம் வீணாவதில்லை.

உண்மையில் தாள் நீளவில்லை. வெட்டுகளுக்கு இடையிலுள்ள குறுகிய பட்டைகள் வளைகின்றன, அவ்வளவே. ஒரு தகட்டை நேராக இழுப்பதற்கு அது காட்டும் விறைப்பு, தடிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வளைப்பதற்குக் காட்டும் விறைப்போ தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிப்பைப் பாதியாக்கினால் முதலாவது பாதியாகும். இரண்டாவது எட்டில் ஒன்றாகிவிடும். எனவே மெல்லிய தாள் இழுவிசைக்கு வளைந்து கொடுத்துத் தப்புகிறது.

இழுத்தபடியே பக்கவாட்டில் பாருங்கள். பட்டைகள் தளத்தைவிட்டு எழும்பிச் சாய்ந்து நிற்கும். இழுக்க இழுக்கச் சாய்வு கூடும். இதைப் பயன்படுத்தி 2015-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெல்லிய சூரிய மின்கலங்களைக் கிரிகாமி முறையில் வெட்டினார்கள். ஒளி நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் பாதியாகும். அதனால் பலகை சூரியனைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இங்கே பலகை முழுவதையும் திருப்ப வேண்டியதில்லை. இழுப்பைக் கூட்டிக் குறைத்தாலே பட்டைகள் சூரியனைப் பின்தொடரும்.

ஒளியில் ஓடிய பாய்

இன்சாட்-1ஏ கோளைச் சாய்த்த ஒளி அழுத்தத்தையே உந்துவிசையாக்கியது ஜப்பானின் இகாரோஸ். 2010 மே 21 அன்று அது ஏவப்பட்டது. அதன் சதுரப் பாய் ஒரு பக்கம் 14 மீட்டர்; தடிப்பு 0.0075 மி.மீ. மட்டுமே. நீளமாக மடித்து விண்கலத்தைச் சுற்றிச் சுருட்டியிருந்தார்கள். விரிக்கக் கம்பியோ சட்டமோ இல்லை. விண்கலம் தன்னைத்தானே சுழற்றிக் கொண்டது; மூலைகளில் கட்டியிருந்த சிறு எடைகள் வெளியே விலக முயன்று பாயை இழுத்து விரித்தன. ராட்டினத்தில் சுற்றும்போது பாவாடை விரிவதுபோல்தான்!

அதன்மேல் ஒளி தந்த விசை 1.12 மில்லி நியூட்டன். பூமியில் இது ஒரு கிராமில் ஒன்பதில் ஒரு பங்கின் எடைக்குச் சமம். விண்கலத்தின் நிறை சுமார் 310 கிலோகிராம். வகுத்துப் பாருங்கள்: நாள் ஒன்றுக்கு வினாடிக்கு 0.3 மீட்டர் வேகம் கூடும். அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்த உந்துதலுக்கு எரிபொருளே தேவையில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இகாரோஸ் வெள்ளிக் கோளைக் கடந்து சென்றது.

எது சிறந்தது?

ஒரே இழுப்பில் விரியும் மடிப்புதான் எப்போதும் சிறந்ததா? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் பொறியாளர்கள் நேர்மாறான வழியை மேற்கொண்டார்கள். அதன் ஐந்தடுக்கு வெயில் மறைப்பை மடித்த நிலையில் பிடித்து வைத்திருந்தவை 107 ஊசிகள். அத்தனையும் விடுபட வேண்டும். 2021 டிசம்பர் 25 அன்று ஏவிய பிறகு, ஒவ்வொரு படியாகச் செய்து, சரிபார்த்து, 2022 ஜனவரி 4 அன்று திரையை இழுத்து முடித்தார்கள். ஜனவரி 8 அன்று ஆடியின் சிறகுகள் நிலைகொண்டன. தொலைநோக்கி இயங்கும் இடம் பூமியிலிருந்து 15 இலட்சம் கி.மீ. தொலைவில், ஸ்கைலாபுக்குச் சென்றதுபோல் அங்கே வெட்டுக்கருவியுடன் யாரும் போக முடியாது. தனித்தனிப் படிகள் என்றால் ஒரு படியில் தடை வந்தாலும் நிறுத்தி யோசிக்கலாம்; வேறு வழி தேடலாம். ஆனால் படிகள் கூடக் கூட, பழுதாகக்கூடிய இடங்களும் கூடும்.

மியூரா மடிப்பில் இயக்குவது எளிது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அது என்னவென்று நான் சொல்வதைவிட நீங்களே கண்டுபிடியுங்கள். நீங்கள் செய்த மியூரா தாளைப் பாதி விரித்த நிலையில் வையுங்கள். நடுவிலுள்ள ஒரே ஒரு மடிப்பின் மேல், அது அசையாதபடி, சிறு அட்டைத் துண்டை வளைத்து ஒட்டிவிடுங்கள். பசை காய்ந்த பிறகு, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல இழுங்கள். மற்ற மடிப்புகள் என்ன செய்கின்றன? அடுத்து இதே சோதனையைச் சாதாரண விசிறி மடிப்பில் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு, நீங்கள் ஒரு செயற்கைக்கோளின் பொறியாளராக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லி, காரணமும் கூறுங்கள்.